ரூத் இல்லாத 1920: கணினி பேஸ்பால் லீக்கில் ஹோம் ரன் சாதனைகளைக் கணக்கு வைப்பது எப்படி

1884இல் சிகாகோ அணிக்கு ஆடிய நெட் வில்லியம்சன் ஒரே சீசனில் 27 ஹோம் ரன் அடித்தார். அதற்கு முந்தைய வருஷம் அவர் அடித்தது 2. அடுத்த வருஷம் அடித்தது 3. நடுவில் ஒரே ஒரு வருஷத்துக்கு மட்டும் ஒரு மனிதருக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்தது?

பலம் எங்கிருந்தும் வரவில்லை. சிகாகோ அணி அப்போது ஆடிக்கொண்டிருந்த லேக் ஃபிரண்ட் பார்க் மிகச் சின்ன மைதானம். இடது கோடியிலும் வலது கோடியிலும் வேலி, பந்தை அடிக்கிறவர் நிற்கும் இடத்திலிருந்து 200 அடிக்குள்ளேயே இருந்தது. 1883இல் அந்த வேலியைத் தாண்டிப் போன பந்துக்கு இரண்டு பேஸ் (அடித்தவர் ஓடித் தொட வேண்டிய நாலு இடங்களில் இரண்டு) மட்டும்தான் என்று அங்கே ஒரு விதி. அந்த வருஷம் வில்லியம்சன் கணக்கில் 49 இரட்டை அடிகள் இருக்கின்றன. 1884இல் விதியை மாற்றினார்கள்: வேலி தாண்டினால் ஹோம் ரன். முந்தைய வருஷம் மொத்தமாக 13 அடித்த அணி அந்த வருஷம் 142 அடித்தது. வில்லியம்சனின் 27இல் 25 சொந்த மைதானத்தில் அடித்தவை. அடுத்த வருஷம் அணி வேறு மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது, அவர் கணக்கும் பழைய நிலைக்குப் போனது. 27 மட்டும் சாதனைப் பட்டியலில் தங்கிவிட்டது. 1919இல் பாஸ்டன் அணியின் பேப் ரூத் 29 அடிக்கும் வரை 35 வருஷம் அதை யாராலும் அசைக்க முடியவில்லை.

பழைய அமெரிக்க பேஸ்பாலைக் கணினியில் முதல் வருஷத்திலிருந்து மறுபடி ஆடிப் பார்க்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். எந்த மைதானம், என்ன விதி, எத்தனை ஆட்டம், கூட ஆடியவர்கள் எத்தனை அடித்தார்கள் என்பதெல்லாம் பக்கத்தில் இருந்தால்தான் ஒரு ஹோம் ரன் எண் வாயைத் திறக்கும். அதைப் பக்கத்தில் எழுதி வைக்கிற வேலைதான் கணக்கு வைப்பது என்பது.

ஹோம் ரன் என்றால்

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு சிக்ஸர் என்று சொன்னால் பாதி புரிந்துவிடும். பந்து தரையில் படாமல் வேலியைத் தாண்ட வேண்டும். மீதிப் பாதிதான் முக்கியம். பேஸ்பாலில் சுற்றி எங்கே வேண்டுமானாலும் அடிக்க முடியாது. அடிப்பவருக்கு முன்னால் இரண்டு கோடுகள் செங்கோணமாக விரிந்து போகும், அந்தக் கோடுகளுக்கு நடுவே போன பந்துதான் செல்லும். செல்லுபடியான ஹோம் ரன் என்றால் அடித்தவர் நாலு பேஸையும் சுற்றி வந்துவிடுவார், அவருக்கு முன்னால் பேஸ்களில் நின்றவர்களும் வந்துவிடுவார்கள். ஆக ஒரே அடியில் 1 முதல் 4 ரன் வரை கிடைக்கும். பந்து வேலிக்குள்ளேயே எங்கேயோ ஒரு மூலைக்கு ஓட, அது திரும்பி வருவதற்குள் நாலு பேஸையும் ஓடி முடித்தாலும் ஹோம் ரன்தான். ஆரம்ப காலத்தில் அந்த வகை நிறைய.

இது அரிதான அடி என்பதை மறக்கக் கூடாது. ரூத் 1927இல் 60 அடித்தபோது பேட் பிடித்த கணக்கு 540. அதாவது 9 தடவைக்கு ஒன்று. பேஸ்பால் அதுவரை கண்டிராத பெரிய வருஷமே அவ்வளவுதான். (பந்து வீசுகிற பிட்சர் நாலு தப்பான பந்து போட்டு பேட்டரை முதல் பேஸுக்கு நடக்க விட்டால் அது இந்த 540இல் சேராது. இதைப் பின்னால் பார்ப்போம்.)

ஒரு சீசனுக்கு 154 ஆட்டம் என்பது 1904 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கும் மேல் வழக்கத்தில் இருந்த அளவு. நடுவில் சில விலக்குகள் உண்டு. முதல் உலகப் போர் முடிந்த கையோடு நடந்த 1919 சீசனுக்கு 140 ஆட்டம்தான் வகுத்தார்கள். ரூத்தின் 29 அந்தக் குறுகிய சீசனில் வந்தது.

கணினிக்குள் ஒரு லீக்

கணினி வருவதற்கு முன்பே இந்த ஆசை இருந்தது. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை, கையில் பகடை, மேசை மேல் ஒரு முழு சீசன். ஹால் ரிச்மன் உருவாக்கிய ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் 1961இல் விற்பனைக்கு வந்தது. இன்று அந்த வேலையைச் செய்கிற மென்பொருள்களில் பலரும் பயன்படுத்துவது அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால். சுருக்கமாக ஓஓடிபி என்பார்கள். 1871 முதல் உள்ள ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரங்களைத் தொகுத்து ஷான் லாமன் இலவசமாகக் கொடுத்த தரவுத்தளம் இந்த மாதிரி ஆட்டங்களுக்கு எல்லாம் அஸ்திவாரம் போல.

உள்ளே நடப்பது சிக்கலான விஷயம் இல்லை. ஒருவர் நிஜத்தில் எப்படி ஆடினார் என்பதிலிருந்து அவருக்கு ஒரு திறன் மதிப்பு போடப்படுகிறது. அவர் பேட் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் திறன், எதிரே நிற்கும் பிட்சரின் திறன், மைதானம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு நிகழ்தகவு வரும். அதன் மேல் கணினி பகடையை உருட்டும். ஒரு சீசனுக்குப் பல்லாயிரம் உருட்டல்கள். அதனால் ஒரே வருஷத்தை இரண்டு தடவை ஓட விட்டால் இரண்டு வரலாறு கிடைக்கும்.

தொடங்கும்போது இரண்டு அமைப்புகளைக் கவனமாகப் பாருங்கள், உங்கள் சாதனைப் பட்டியலின் தலையெழுத்தை இவைதான் எழுதுகின்றன.

முதலாவது, ஆட்டக்காரரின் திறன் வருஷா வருஷம் நிஜப் புள்ளிவிவரத்திலிருந்து மறுபடி கணக்கிடப்படுகிறதா, அல்லது அறிமுகமான நாளோடு நிஜத்தை விட்டுவிட்டு மென்பொருளே அவரை வளர்க்கிறதா? முதல் வழியில் போனால் 1927 ரூத் ஏறக்குறைய 1927 ரூத்தாகவே இருப்பார். இரண்டாவது வழியில் போனால் ரூத் யாரும் பெயர் அறியாத ஒருவராகவே ஓய்வு பெறலாம். இன்னொன்றும் நடக்கலாம். பாஸ்டனில் ரூத் ஒரு பிட்சராகத்தான் வளர்ந்தார். 1916இல் 23, 1917இல் 24 வெற்றி அவர் பெயரில் உண்டு. அவ்வளவு நல்ல பிட்சரை எந்தக் கணினி மேலாளர் பேட்டராக மாற்றத் துணிவார்? அவர் பந்து போட்டுக்கொண்டே இருந்துவிட்டால் உங்கள் 1920இல் 54 ஹோம் ரன் என்று ஒரு வரியே இருக்காது. அந்த இடத்தில் யார் பெயர் வருகிறது என்று பார்க்கத்தான் பலர் இதற்குள் நுழைகிறார்கள். நானும் அப்படி நுழைந்தவன்தான்.

இரண்டாவது, லீக்கின் மொத்த ஹோம் ரன் எண்ணிக்கை நிஜ வரலாற்றை ஒட்டி ஏறி இறங்குமாறு மென்பொருள் சரிசெய்யுமா, செய்யாதா? சரிசெய்யச் சொன்னால் 1910களில் ஹோம் ரன் வறட்சியும் 1920களில் வெள்ளமும் தானாக வரும். நிஜத்தில் அந்த வெள்ளத்துக்குக் காரணங்கள் இருந்தன. அதற்கு முன்னால் ஒரே பந்தை அழுக்கேறி, பிசுபிசுத்து, உருக்குலையும் வரை வைத்து ஆடினார்கள். எச்சில் தடவிய பந்தை வீசுவதும் விதிப்படி சரி. பந்து தூரம் போகாது, கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. 1911 முதல் 1914 வரை, மேஜர் லீக் எனப்படும் இரண்டு உச்ச லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் அதிக ஹோம் ரன் அடித்தவர் ஃபிராங்க் பேக்கர். அவர் எண்கள் 11, 10, 12, 9. அவருக்கு ‘ஹோம் ரன்’ பேக்கர் என்றே பெயர். 1920இல் புதிதாக யாரும் எச்சில் பந்து வீசக் கூடாது என்று தடுத்தார்கள், ஏற்கெனவே வீசிவந்த சிலருக்கு மட்டும் விலக்கு. அதே ஆகஸ்டில் கிளீவ்லேண்டின் ரே சாப்மன் தலையில் பந்து பட்டு மறுநாள் இறந்தார். அதன் பிறகு அம்பயர்கள் அழுக்குப் பந்தை உடனுக்குடன் மாற்றத் தொடங்கினார்கள்.

கணக்குப் புத்தகம்

எந்த மென்பொருளும் சாதனைப் பட்டியலைத் தானே வைத்துக்கொள்ளும். பிறகு எதற்குத் தனியாக எழுத வேண்டும்? மென்பொருள் இன்றைய நிலையைத்தான் காட்டும். நேற்றைய சாதனையாளர் யார், அவரை யார் எப்போது தாண்டினார் என்ற தொடர்ச்சி அதில் மறைந்துவிடும். என் முதல் லீக்கில் நான் எதையும் எழுதவில்லை. பல சீசன் ஓடிய பிறகு பட்டியலைப் பார்த்தால் முதல் பத்து இடமும் புதியவர்கள். ஒரு காலத்தில் அந்தப் பட்டியலின் உச்சியில் இருந்த ஒருவரைப் பெயர் நினைவில்லாமல் தேடினேன், கிடைக்கவே இல்லை. அன்று ஒரு எக்செல் தாளைத் திறந்தேன்.

சீசன் சாதனைக்கு ஒரு தாள், வாழ்நாள் சாதனைக்கு ஒரு தாள் போதும். சாதனை முறியும்போது மட்டும் ஒரு வரி சேருங்கள். நிஜ வரலாற்றின் சீசன் தாளை இப்படி எழுதினால் 1884க்குப் பிறகு மொத்தமே ஏழு வரிதான் வரும்: ரூத் 29, ரூத் 54, ரூத் 59, ரூத் 60, 1961இல் ரோஜர் மாரிஸ் 61, 1998இல் மார்க் மெக்வயர் 70, 2001இல் பாரி பாண்ட்ஸ் 73. வாழ்நாள் தாள் இன்னும் சின்னது. 19ஆம் நூற்றாண்டில் ஆடிய ரோஜர் கானர் 138 அடித்திருந்தார். ரூத் அதை 1921இலேயே தாண்டி 714இல் நிறுத்தினார். ஹாங்க் ஆரன் 755, பாண்ட்ஸ் 762. உங்கள் லீக்கில் இது வேறு வடிவம் எடுக்கும். நிஜத்தில் 29இலிருந்து 54க்கு ஒரே தாவலில் போன சாதனை, உங்கள் லீக்கில் 29, 31, 36, 40 என்று ஆளுக்கு ஒரு படியாக ஏறலாம். அந்த ஏணியைப் பார்ப்பதில் உள்ள சுகமே வேறு.

ஒவ்வொரு வரியிலும் பெயர், ஆண்டு, அணி, வயது, எண் ஆகியவற்றோடு நான் விடாமல் சேர்க்கும் நாலு விஷயங்கள் உண்டு. ஆடிய ஆட்டங்களும் பேட் பிடித்த தடவைகளும். சொந்த மைதானத்தில் எத்தனை, வெளியில் எத்தனை. அந்த வருஷம் அந்த லீக் முழுவதும் அடித்த மொத்தம். இரண்டாம் இடத்தில் வந்தவரின் எண்.

இந்தக் கடைசி இரண்டும்தான் கணக்கின் உயிர். நிஜ எண்களைப் போட்டே பார்க்கலாம். 1920இல் ரூத் அடித்தது 54, அமெரிக்கன் லீக்கில் இரண்டாம் இடம் ஜார்ஜ் சிஸ்லர், 19. அந்த லீக்கின் மற்ற ஏழு அணிகளில் ஒன்றுகூட மொத்தமாக 54 அடிக்கவில்லை. லீக்கின் மொத்தம் 369, அதில் ரூத்தின் பங்கு நூற்றுக்கு ஏறக்குறைய 15. 1927இல் அவர் 60 அடித்தபோது லீக்கின் மொத்தம் 439, பங்கு நூற்றுக்கு 14க்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாம் இடம் அவருடைய அணியிலேயே இருந்த லூ கெரிக், 47. 1961இல் மாரிஸ் 61 அடித்த வருஷம் லீக்கில் பத்து அணிகள், மொத்தம் 1,500க்கு மேல். அவர் பங்கு நூற்றுக்கு 4தான். இரண்டாம் இடம் மிக்கி மேன்டில், 54. பட்டியலில் 61 மேலே, 54 கீழே. பங்கை வைத்துப் பார்த்தால் இந்த மூன்றில் 1920இன் 54தான் மேலே. என்னைக் கேட்டால் பேஸ்பாலின் மிகப் பெரிய ஹோம் ரன் வருஷம் அதுதான்.

சொந்த மைதானம், வெளி மைதானம் என்று பிரிப்பது வில்லியம்சன் மாதிரி எண்களைக் கண்டுபிடிக்க. 27இல் 25 சொந்த மைதானம் என்றால் வேலியை அளந்து பார்க்க வேண்டும். ரூத்தின் 60இல் 28 சொந்த மைதானம், 32 வெளியில். அந்த 60 எந்த ஊருக்குப் போனாலும் 60தான்.

சீசன் நடுவில் கணிப்பது

100 ஆட்டம் முடிந்திருக்கிறது, உங்கள் லீக்கில் ஒரு பையன் 42 அடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 54 ஆட்டம் பாக்கி. 42ஐ 100ஆல் வகுத்து 154ஆல் பெருக்கினால் 64.7. சாதனை உடைந்தது என்று குதிக்கத் தோன்றும். மென்பொருளும் அந்த 65ஐத்தான் திரையில் காட்டும்.

அந்தப் பையன் வழக்கமாக ஒரு முழு சீசனுக்கு 40 அடிக்கிறவனா? அப்படியானால் மிச்சமுள்ள 54 ஆட்டத்தில் அவனிடம் எதிர்பார்க்க வேண்டியது வழக்கமான வேகம், அதாவது 14. கையில் உள்ள 42ஐ யாரும் திருப்பி வாங்க முடியாது, ஆக 56. அவன் நிஜமாகவே முன்னேறியிருக்கலாம் என்பதற்கு இடம் கொடுத்து 57, 58 என்று வேண்டுமானால் வையுங்கள். 65க்கும் 57க்கும் உள்ள இடைவெளியில்தான் புதியவர்கள் பலரின் ஏமாற்றம் இருக்கிறது.

இதன் அடியில் இருப்பது அதிர்ஷ்டத்தின் அளவு. அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 540 தடவை பேட் பிடிக்கிறார், ஒவ்வொரு தடவையும் சரியாக 9க்கு 1 வாய்ப்பு. அப்படிப்பட்ட ஒருவரைக் கணினியில் ஆயிரம் சீசன் ஓட விட்டால் சராசரி 60தான் வரும். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சீசன்களில் 53க்குக் கீழேயோ 67க்கு மேலேயோ போய்விடும். திறனில் இம்மி மாற்றம் இல்லை, பகடை மட்டும்தான். அதனால்தான் சாதனை வருஷத்துக்கு அடுத்த வருஷம் பெரும்பாலும் இறக்கம். மாரிஸ் 1960இல் 39, 1961இல் 61, 1962இல் 33. உங்கள் லீக்கில் இப்படி ஒருவர் இறங்கினால் மென்பொருளில் கோளாறு என்று அமைப்பைத் தோண்ட வேண்டாம்.

நடக்க விட்ட கணக்கையும் இங்கேதான் பார்க்க வேண்டும். ஒரு பேட்டர் பயங்கரமாக அடிக்கிறார் என்றால் பிட்சர்கள் அவருக்கு அடிக்கிற மாதிரி பந்தே போடமாட்டார்கள். 2001இல் பாண்ட்ஸை 177 தடவை நடக்க விட்டார்கள். அவர் பேட் பிடித்த கணக்கு 476தான், அதில் 73. ஆறரைத் தடவைக்கு ஒன்று.

விதிகள் மாறும்போது

1918 ஜூலை 8, பாஸ்டனின் ஃபென்வே பார்க். ஆட்டம் சமனில் நீண்டு, வழக்கமான ஒன்பதைத் தாண்டிப் பத்தாவது இன்னிங்ஸ். முதல் பேஸில் ஒருவர் நிற்கிறார். ரூத் அடித்த பந்து வலது பக்கத்துப் பார்வையாளர் கூட்டத்துக்குள் போய் விழுகிறது. இன்றைக்கு என்றால் யோசனையே வேண்டாம். அன்றைய விதிப்படி வெற்றிக்கான ரன் வந்த நொடியே ஆட்டம் முடிந்தது, அந்த ரன் வருவதற்கு எத்தனை பேஸ் தேவையோ அவ்வளவுதான் அடித்தவருக்கு. ரூத்துக்கு மூன்று பேஸ் அடி என்று எழுதினார்கள். 1920இல் அந்த விதி மாறியது. அரை நூற்றாண்டு கழித்து 1968இல் பழைய கணக்குகளைச் சரிபார்க்க ஒரு குழு அமைந்தபோது, இதை ஹோம் ரன்னாக ஏற்று ரூத்தின் 714ஐ 715 ஆக்கலாம் என்று முடிவெடுத்தது. பிறகு யோசித்து அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. அன்றைய ஆட்டத்துக்கு அன்றைய விதி.

இன்னொரு பழைய விதி, தரையில் குத்தி எழும்பி வேலி தாண்டிய பந்தையும் ஹோம் ரன் என்று எண்ணினார்கள். 1931 முதல்தான் இரண்டு லீக்கிலும் அதற்கு இரண்டு பேஸ் என்று ஆனது. உங்கள் மென்பொருள் இதையெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொண்டிருக்காது, மொத்த எண்ணிக்கையில்தான் காலத்தின் சாயலைக் கொண்டுவரும். ஆகவே உங்கள் லீக்கின் எண்ணை நிஜ எண்ணோடு ஒப்பிடும்போது ஒன்றிரண்டு கூடக்குறைய இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியது ஆட்டங்களின் எண்ணிக்கை. 1961இல் அமெரிக்கன் லீக் இரண்டு புது அணிகளைச் சேர்த்து சீசனை 154இலிருந்து 162 ஆட்டமாக்கியது. மாரிஸும் மேன்டிலும் ரூத்தின் 60ஐத் துரத்திக்கொண்டிருந்த அந்தக் கோடையில் பேஸ்பால் ஆணையர் ஃபோர்ட் ஃபிரிக் ஒரு முடிவு சொன்னார்: 154 ஆட்டத்துக்குள் தாண்டினால்தான் ரூத்தின் சாதனை முறியும், இல்லாவிட்டால் இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். 154 ஆட்டம் முடிந்தபோது மாரிஸ் கையில் 59. கடைசி நாளான அக்டோபர் 1 அன்றுதான் 61ஆவது வந்தது. அந்தப் பிரிவினையை 1991இல்தான் அதிகாரபூர்வமாக நீக்கினார்கள். அதற்கு ஆறு வருஷம் முன்பே மாரிஸ் இறந்துவிட்டார். உங்கள் லீக் 1961ஐத் தாண்டினால் இந்தக் கேள்வி உங்கள் மேசைக்கும் வரும். என் யோசனை, சாதனை ஒன்றாகவே இருக்கட்டும், பக்கத்துக் கட்டத்தில் 154 ஆட்டம் முடிந்தபோது எண் எவ்வளவு என்று குறித்துவிடுங்கள். மாரிஸுக்குச் செய்யாமல் விட்ட நியாயத்தை உங்கள் லீக்கில் ஆடும் யாரோ ஒருவருக்காவது செய்த மாதிரி இருக்கும்.

சில்லறை விஷயங்கள் இரண்டு. வழக்கமான சீசனில் அடித்தவை மட்டும்தான் கணக்கு, இறுதிச் சுற்றில் அடித்தவை தனி. நடு சீசனில் ஒருவர் ஒரு லீக்கிலிருந்து இன்னொரு லீக்குக்குக் கைமாறினால் மொத்தக் கணக்கில் சேர்த்தும் லீக் கணக்கில் பிரித்தும் எழுதுங்கள். 1997இல் மெக்வயர் ஓக்லேண்டில் 34, செயின்ட் லூயிஸில் 24 என்று மொத்தம் 58 அடித்தார். இரண்டு லீக்கிலும் முதலிடம் கிடைக்கவில்லை.

வாழ்நாள் கணக்கு வேறு மிருகம்

சீசன் சாதனை ஒரு வருஷத்துப் புயல். வாழ்நாள் சாதனைக்குப் பொறுமை வேண்டும். ஆரன் தன் 23 வருஷத்தில் ஒரு தடவைகூட 50 அடித்ததில்லை. அவருடைய உச்சம் 1971இல் 47. அப்படிப்பட்டவர்தான் ரூத்தின் 714ஐத் தாண்டினார்.

உங்கள் லீக்கில் ஒருவர் வாழ்நாள் சாதனையைப் பிடிப்பாரா என்று கணிக்க, பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் வகுத்த ஒரு சுலபமான வழி உண்டு. காகிதத்திலேயே போடலாம். கடைசி மூன்று சீசன் எண்களை எடுத்து, மிக அண்மையதை 3ஆலும் அதற்கு முந்தையதை 2ஆலும் பெருக்கி, மூன்றாவதை அப்படியே கூட்டி, மொத்தத்தை 6ஆல் வகுத்தால் அவருடைய இப்போதைய வேகம். வயதை 0.6ஆல் பெருக்கி 24இலிருந்து கழித்தால் இன்னும் எத்தனை வருஷம் ஆடுவார் என்பதற்கு ஒரு மதிப்பு. இரண்டையும் பெருக்கினால் இனி அடிக்கப்போவது. அதை இன்னும் தேவைப்படுவதால் வகுத்து, 0.5ஐக் கழித்தால் வாய்ப்பு.

1969 முடிவில் ஆரனுக்குப் போட்டுப் பார்ப்போம். கையில் 554. கடைசி மூன்று சீசன் 39, 29, 44. வேகம் 38.2. அடுத்த சீசனில் வயது 36, ஆக மிச்சம் 2.4 வருஷம். இனி அடிக்கப்போவது ஏறக்குறைய 92. தேவை 161. 92ஐ 161ஆல் வகுத்தால் 0.57, அரையைக் கழித்தால் 0.07. நூறில் ஏழு வாய்ப்பு.

அதற்குப் பிறகு அவர் அடித்தவை 38, 47, 34, 40. 1973 முடிவில் 713. அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு கறுப்பர் ரூத்தைத் தாண்டக் கூடாது என்று அவருக்கு மிரட்டல் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. 1974 ஏப்ரல் 8, அட்லாண்டா, நாலாவது இன்னிங்ஸ். அல் டவுனிங் போட்ட பந்து இடது பக்க வேலியைத் தாண்டியது. 715. நூறில் ஏழு என்ற வாய்ப்பு நிஜத்தில் நிறைவேறினால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. உங்கள் தாளில் ஒருவர் பெயருக்கு நேரே 0.07 என்று வந்தால் அவரைக் கவனிப்பதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு தாளும் வேண்டும், ஆடாமல் போன வருஷங்களுக்கு. டெட் வில்லியம்ஸ் 521 அடித்தார். இரண்டாம் உலகப் போருக்காக 1943 முதல் 1945 வரை மூன்று முழு சீசன், கொரியப் போருக்காக 1952, 1953இல் பெரும்பகுதி அவரிடமிருந்து போனது. போரினால் ஆட்டக்காரர்கள் விலகுவதை உங்கள் லீக்கில் வைத்துக்கொள்ளலாம், எடுத்தும் விடலாம். எடுத்துவிட்டு அவர் எங்கே போய் நிற்கிறார் என்று பாருங்கள்.

அதைவிட என்னை உலுக்குகிறவர் ஜாஷ் கிப்சன். கறுப்பர்களை மேஜர் லீக்குகள் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், கறுப்பர்களுக்கென்று தனியாக இருந்த நீக்ரோ லீக்குகளில் ஆடியவர். 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். மூன்று மாதம் கழித்து, அந்தத் தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களம் இறங்கினார். 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக்குகளே என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள், 2024இல் அந்த எண்களை அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனாலும் அந்த லீக்குகளின் சீசன் 154 ஆட்டத்துக்கு எங்கோ கீழே, ஊர் ஊராகப் போய் ஆடிய மற்ற ஆட்டங்கள் கணக்கில் வராது. எனவே கிப்சனின் வாழ்நாள் எண் அவர் உயரத்தைக் காட்டாது, காட்டவும் முடியாது. கணினி லீக்கில் அவர் 1930இல் 18 வயதில் மற்ற எல்லாரோடும் சேர்ந்து வரிசையில் நிற்கலாம். அவருக்கும் 154 ஆட்டம். என் லீக்குகளில் நான் தவறாமல் சேர்க்கும் முதல் பெயர் அவருடையதுதான்.

சீசன் முடிந்து அடுத்த வருஷத்துக்குப் போகும் பொத்தானை அழுத்துவதற்கு முன் கோப்பை ஒரு நகல் எடுத்து ஆண்டின் பெயரில் வைத்துவிடுங்கள், சொந்த மைதானக் கணக்கு மாதிரி நுணுக்கங்கள் அடுத்த வருஷத்தில் தேடினால் கிடைக்காமல் போகலாம். முதல் தடவைக்கு 1919இல் தொடங்குங்கள் என்பேன். 1871இல் தொடங்கினால் ஹோம் ரன்னுக்காக மிக நீண்ட காலம் காத்திருக்க வேண்டிவரும். சீசன் தாளின் முதல் வரியில் வில்லியம்சன், 1884, 27, சொந்த மைதானம் 25 என்று எழுதுங்கள். வாழ்நாள் தாளின் முதல் வரியில் கானர், 138. அடுத்த வரியைக் காலியாக விட்டு ஏப்ரல் மாதத்தை ஓட விடுங்கள்.